விடுபட்ட ‘ஆம்’: போர்ச் செய்தியைப் பிரித்துப் பார்க்கும் முறை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும் இருக்கும் நமக்கு ஒரே செய்தி இரண்டு மொழிகளில் வந்து சேர்கிறது. தேநீர்க் கடையில் மலையாளச் செய்தி ஓடுகிறது. வீடு திரும்பினால் தமிழ்ச் செய்தி ஓடுகிறது. போர்க்காலத்தில் இதைவிடப் பயனுள்ள கருவி வேறொன்று கிடையாது என்பேன். இரண்டிலும் மாறாமல் நிற்பது எது, ஒன்றில் மட்டும் ஒட்டியிருப்பது எது என்று பார்த்தால், நடந்ததையும் சேர்க்கப்பட்டதையும் ஓரளவுக்குப் பிரித்துவிடலாம். ஆனால் இரண்டு தொலைக்காட்சிகளும் ஒரே டெல்லிச் செய்தியை எடுத்து வாசித்தால் அது இரண்டு சாட்சியாகாது, ஒன்றுதான் என்பதை மறக்கக் கூடாது.

இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்ட 2025 மே 8 இரவை எடுத்துக்கொள்வோம். பாகிஸ்தானின் கராச்சித் துறைமுகத்தை இந்தியக் கடற்படை தாக்கிவிட்டதாக நாட்டின் பல தொலைக்காட்சிகள் அறிவித்தன. விடிந்து பார்த்தால் அப்படி ஒரு தாக்குதலே நடந்திருக்கவில்லை. துறைமுகம் எரியும் காட்சி என்று பரவிய காணொளிகளில் ஒன்று, அதே ஆண்டு ஜனவரி 31 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒரு சிறிய விமானம் விழுந்து எரிந்த விபத்தின் காட்சி. இத்தகைய அறிவிப்புகளில் முதலில் காணாமல் போவது ‘ஆம்’ என்னும் சிறு விகுதிதான்.

நாம் கண்ணால் பார்க்காத எதையும் பேச்சில் ‘ஆம்’ போட்டுத்தான் சொல்கிறோம். மூலத்தறை அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்களாம், பொள்ளாச்சிப் பேருந்து இன்று வராதாம் என்கிறோம். மலையாளத்தில் அதே வேலையை ‘அத்ரே’ செய்கிறது. நம் மொழிகள் இரண்டிலும் இலக்கணமே வைத்திருக்கும் இந்தக் காப்பைப் பிரேக்கிங் நியூஸ் கழற்றிவிடுகிறது, அல்லது பெரிய எழுத்தில் ‘துறைமுகம் அழிப்பு’ என்று போட்டுவிட்டு, வாசகத்தின் கடைசியில் ‘எனத் தகவல்’ என்று ஒட்டவைக்கிறது. மலையாளத்தில் ‘என்னாணு விவரம்’ என்றும் ‘சூசன’ என்றும் வருவது இதுதான். ஆகவே முதல் பயிற்சி இது: திரையில் ஓடும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மனத்துக்குள் ‘ஆம்’ சேர்த்து வாசியுங்கள். சேர்த்தவுடன் ‘யார் சொன்னாராம்?’ என்ற கேள்வி தானாகவே எழும்.

அந்தக் கேள்விக்கு ‘பாதுகாப்பு வட்டாரங்கள்’ என்பது விடையாகாது. பெயரும் பதவியும் இருக்கிறதா, சொன்னவர் போரில் ஒரு தரப்பா, நேரில் பார்த்தவரா, பின்னர் சரிபார்த்தவரா என்று கேட்க வேண்டும். போரிடும் தரப்பு சொல்வது பொய்யாகத்தான் இருக்கும் என்று சொல்லவில்லை. அது தனக்கு ஏற்ற நேரத்தில், ஏற்ற அளவுக்கு மட்டுமே சொல்லும். இந்திய விமானங்களைச் சுட்டு வீழ்த்தியதற்கு ஆதாரம் என்ன என்று மே 7 அன்று ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி கேட்டபோது, பாகிஸ்தானின் பாதுகாப்பு அமைச்சர் சமூக ஊடகங்களைத்தான் கைகாட்டினார். இந்தியத் தரப்பிலோ, விமான இழப்பு ஏற்பட்டதை முப்படைத் தலைமைத் தளபதி அனில் சவுகான் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது மே 31 அன்று, சிங்கப்பூரில். அப்போதும் எண்ணிக்கையைச் சொல்லவில்லை. மூன்று வாரத்துக்கு மேல் கழித்து வந்த அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால், முதல் இரவில் இரு நாட்டுத் திரைகளிலும் ஓடிய எண்களின் மதிப்பு என்ன என்று எண்ணிப் பாருங்கள். முதல் நாள் எண்ணைப் பென்சிலால் எழுதிவைப்பதே போதும்.

காட்சிகளைச் சோதிப்பதற்குக் கைப்பேசியே போதுமானது என்றாலும், பெரும்பாலோர் அதைத் தவறாகச் செய்கிறார்கள். திரையைப் படம்பிடித்து, படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்சில் அப்படியே போட்டால், அது தொலைக்காட்சியின் முத்திரையையும் எழுத்துப்பட்டைகளையும் வைத்துத் தேடி, அதே தொலைக்காட்சியின் பக்கத்தையே திருப்பிக் காட்டிவிடக் கூடும். அவற்றை வெட்டிவிட்டுக் காட்சியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். தீப்பிழம்பு திரையை நிறைக்கும் நொடி எதற்கும் உதவாது, ஏனெனில் எல்லா ஊர்த் தீயும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதற்கு முன்போ பின்போ கட்டடம், கடைப் பலகை, வாகன எண், மின்கம்பம் தெரியும் நொடியைத் தேர்ந்தெடுத்து, இரண்டு மூன்று படங்களாகத் தேட வேண்டும். அதே காட்சி சண்டை தொடங்குவதற்கு முந்தைய தேதியில் கிடைத்துவிட்டால் விவகாரம் முடிந்தது. கிடைக்கவில்லை என்பதற்காக அது உண்மை என்றும் ஆகிவிடாது. திரையின் மூலையில் பொடி எழுத்தில் ‘கோப்புக் காட்சி’ (அதாவது பழைய காட்சி) என்று போட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்; சில நேரங்களில் நேர்மை அந்த அளவுக்குச் சிறிய எழுத்தில்தான் இருக்கிறது.

இரவு வானில் ஏவுகணைகளை ஏவுகணைகள் துரத்தும் காட்சிகளில் கூடுதல் எச்சரிக்கை தேவை. ‘ஆர்மா 3’ என்ற கணினி விளையாட்டின் காட்சிகள் உக்ரைன் போரிலும், காசாவிலும், 2025 மே மாதத்திலும் உண்மைப் போராகக் காட்டப்பட்டன. அதைத் தயாரித்த செக் நாட்டு நிறுவனமே 2022 நவம்பரில் அடையாளங்களைச் சொல்லியிருக்கிறது: படம் மிக மங்கலாக இருக்கும், கேமரா வேண்டுமென்றே ஆடும், பெரும்பாலும் இருட்டாகவே இருக்கும், பல நேரங்களில் ஒலி இருக்காது, மனிதர்கள் நடமாடுவது அரிதாகவே தெரியும். போலி உரைகளும் இதே வகைதான். உக்ரைன் அதிபர் செலன்ஸ்கி தம் வீரர்களைச் சரணடையச் சொல்வதுபோல 2022 மார்ச்சில் ஒரு காணொளி வந்தது. பாகிஸ்தான் ராணுவச் செய்தித் தொடர்பாளர் விமான இழப்பை ஒப்புக்கொள்வதுபோல 2025 மே மாதத்தில் ஒன்று வந்தது. ஒருவர் தமக்கு எதிராகவே பேசும் அரை நிமிடக் காணொளி கையில் வந்தால், அந்தப் பேச்சின் முழு நீளப் பதிவைத் தேடுங்கள்.

கண்ணைவிடக் காதுதான் எளிதில் ஏமாறும். 2025 மே 7 மாலை 4 மணிக்குக் கேரளத்தின் 14 மாவட்டங்களிலும் பாதுகாப்பு ஒத்திகை நடந்தது. அன்று சைரன் என்றால் என்ன என்று குழந்தைகள்கூடத் தெரிந்துகொண்டார்கள். ஆனால் அதே சைரனைப் பல தொலைக்காட்சிகள் விவாத நிகழ்ச்சிகளுக்குப் பின்னணி இசைபோலப் போட்டன. விழிப்புணர்வுக்குத் தவிர வேறெதற்கும் அந்த ஒலியைப் பயன்படுத்த வேண்டாம் என்று உள்துறை அமைச்சகத்தின் கீழுள்ள குடிமைப் பாதுகாப்பு இயக்குநரகம் அறிவுறுத்தும் நிலை வந்தது. உண்மையான சைரனும் இதுபோல ஒரு நிகழ்ச்சி ஒலியே என்று மக்கள் நினைத்துவிட்டால் உயிர் போகும் என்பதுதான் காரணம். பத்து நிமிடம் ஒலியை நிறுத்திவிட்டு எழுத்தை மட்டும் வாசித்துப் பாருங்கள். ஒரு மணி நேரச் செய்தியில் பெரும்பாலும் இரண்டு மூன்று வாக்கியங்களே மிஞ்சும்.

சொற்களைச் சோதிக்க, வாக்கியத்தில் நாடுகளின் பெயர்களை மட்டும் மாற்றிப் போட்டு வாசிப்பது நல்லது. நம்முடையது ‘துல்லியத் தாக்குதல்’, அவர்களுடையது ‘வெறியாட்டம்’ என்று வந்தால், சொல் செய்தியைச் சுமக்கவில்லை, ஒரு தரப்பைச் சுமக்கிறது. ‘பொதுமக்கள் 20 பேர் உயிரிழந்தனர்’ என்ற வாக்கியத்தில் கொன்றவர் இல்லை என்பதையும் கவனியுங்கள். செய்தவரைச் சொல்லாமல் விடுவது தமிழில் இலக்கணப் பிழையன்று. அதனாலேயே அது நல்ல மறைவிடம்.

இவையெல்லாம் பொறுமையாக உட்கார்ந்திருக்கும்போது சரி. 2025 ஜூன் 23 இரவு கத்தாரின் அல் உதைத் அமெரிக்கத் தளத்தின்மீது ஈரான் ஏவுகணை வீசியபோது, தோஹாவில் பிள்ளைகளை வைத்திருந்த வீடுகளில் யாரும் இலக்கணம் பார்த்திருக்க மாட்டார்கள். அத்தகைய இரவில் முதலில் அங்கே இருப்பவரிடம் பேசுங்கள். அவர் கேட்ட சத்தத்தையும் பார்த்த வெளிச்சத்தையும் மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கைப்பேசியில் வந்து குவியும் காணொளிகள் உங்களுக்கு வருபவைதாம். தோஹா நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது என்பதால், அங்கிருந்து வரும் செய்தியில் எந்த ஊர் நேரம் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஒரே தாக்குதல் குடும்பக் குழுவில் இரண்டு தாக்குதலாகிவிடும். குழுவில் எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் இந்த அளவில் எழுதலாம்: ‘அக்கா, நம் நேரம் இரவு 10.50. தம்பியிடம் இப்போதுதான் பேசினேன், அறையில் இருக்கிறான், சத்தம் மட்டும் கேட்டதாம். ஏவுகணைகளைத் தடுத்துவிட்டதாகக் கத்தார் பாதுகாப்பு அமைச்சகம் சொல்கிறது. காணொளி எதையும் அனுப்பவில்லை, நீங்களும் அனுப்ப வேண்டாம். பதினொன்றரைக்கு மறுபடியும் அவனிடம் பேசிவிட்டு எழுதுகிறேன்.’