பழைய ஒட்டோமான் தந்தியைப் படிக்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

துருக்கியை ஆண்ட ஒட்டோமான் பேரரசின் காலத்துத் தந்தி ஒன்று கையில் கிடைத்தால் எல்லோரும் நேராக வாசகத்துக்குத் தாவுவார்கள். ‘ஆர்மீனியர்’ (அந்தப் பேரரசில் வாழ்ந்த கிறிஸ்தவ மக்கள்; 1915இல் பெருமளவில் நாடுகடத்தப்பட்டுக் கொல்லப்பட்டவர்கள்) என்ற சொல் கண்ணில் பட்டதும், முஸ்லிம்கள் அவர்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று தீர்ப்பும் எழுதிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். முதலில் தேதியைப் பாருங்கள்.

தாளில் 1331 என்று இருக்கிறது. ஹிஜ்ரி, அதாவது இஸ்லாமியச் சந்திர நாட்காட்டி, என்று கணக்குப் போட்டால் 1913 வரும். ஆனால் அரசு அலுவலகங்களில் புழங்கியது ரூமி என்ற சூரிய நாட்காட்டி. அதன்படி 1331 பிறப்பது 1915 மார்ச்சில். நாடுகடத்தலுக்கு முந்தைய காகிதமா, நாடுகடத்தல் நடந்த ஆண்டின் காகிதமா என்பதே இங்கே மாறிப்போகிறது. அப்புறம் ரூமி தேதி நம் தேதிக்கு 13 நாள் பின்னால் இருக்கும்: இஸ்தான்புல்லில் ஆர்மீனிய அறிஞர்களைக் கைது செய்த 1915 ஏப்ரல் 24, ரூமி கணக்கில் நிசான் (ஏப்ரல்) 11. ஆண்டு மார்ச்சில் தொடங்குவதால் 1331இன் ஜனவரி நமக்கு 1916 ஜனவரி. அரபு இலக்கங்களிலும் ஒரு கண்ணி உண்டு. வட்டமாகத் தெரிவது ஐந்து. பூஜ்யம் வெறும் புள்ளி. 1920இல் ஆர்மீனிய எழுத்தாளர் ஆரம் அந்தோனியன் கொலை உத்தரவுகள் என்று வெளியிட்ட தந்திகள் அசலா போலியா என்ற நீண்ட சண்டையில் தேதிக் குழப்பமும் ஒரு முக்கியமான வாதம்.

எழுத்து அரபு என்பதால் மொழியும் அரபு என்று நினைக்க வேண்டாம், அது துருக்கி. பெயர் ‘எஃபெந்தி’ என்று முடிந்தால் முஸ்லிம் என்றும் இல்லை. ஆர்மீனியருக்கும் அந்த மரியாதைச் சொல் உண்டு.

சரி, வாசகத்துக்கு வருவோம். பாதியோடு நிறுத்துவதுதான் எனக்குத் தெரிந்து மிக மோசமான தவறு. 1915 ஜூலை 12 அன்று உள்துறை அமைச்சர் தலாத், தியார்பக்கீர் ஆளுநர் ரெஷீதுக்கு அனுப்பிய தந்தியில், மார்தின் பகுதியில் ஆர்மீனியரும் பிற கிறிஸ்தவரும் இரவில் கொண்டுபோய்க் கொல்லப்படுவதாகத் தகவல் வந்திருக்கிறது, இதை நிறுத்து என்று இருக்கிறது. இதை மட்டும் எடுத்துப் போட்டு, ‘பாருங்கள், தடுத்திருக்கிறார்’ என்பவர்கள் உண்டு. அடுத்த வரியையும் படியுங்கள்: ஆர்மீனியர் மீதான நடவடிக்கையை மற்ற கிறிஸ்தவர்களுக்கு நீட்டக் கூடாது. ஆர்மீனியரை விட்டுவிடு என்று அதில் இல்லை. ரெஷீதின் பதவியும் போகவில்லை. 1916இல் அவரை அங்காராவுக்கு ஆளுநராக அனுப்பினார்கள்.

இதன் மறுபக்கம், எழுத்தில் இல்லாததை நடக்கவே இல்லை என்று கொள்வது. 1915 மே 27 நாடுகடத்தல் சட்டத்தில் ஆர்மீனியர் என்ற சொல்லே கிடையாது. ஆனால் 1915 ஜூலையில் எர்சுரூம் நகரிலிருந்து, ஆளும் கட்சியின் முக்கியப் புள்ளியான பஹாத்தின் ஷாகிர் அனுப்பிய தந்தி, வெறும் எண்களாகப் போன சங்கேதத் தந்தி, அனுப்பப்பட்டவர்கள் அழிக்கப்படுகிறார்களா, வெறுமனே இடம் மாற்றப்படுகிறார்களா என்று கேட்கிறது.

இவற்றை வைத்து ‘முஸ்லிம்கள் இப்படித்தான்’ என்று எழுதுவதும் தப்பு. அனுப்பியவர் அதிகாரி, ஊர் அல்ல. அதிகாரிகளிலும் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. அங்காரா ஆளுநர் ஹசன் மஸ்ஹர் நாடுகடத்தும் உத்தரவுகள் புரியாதது போல நாளைக் கடத்தினார். பிறகு மேலிடத்து ஆள் நேரில் வந்து கொல்லச் சொல்லி வாய்மொழியாகவே உத்தரவு தர, மறுத்தார், பதவி போனது. போர் முடிந்ததும், 1918 நவம்பரில் அமைந்த விசாரணை ஆணையத்துக்கு அவரே தலைவரானார். மாகாணங்களிலிருந்து இதுபோன்ற தந்திகள் பலவற்றை வரவழைத்துச் சேர்த்தது அந்த ஆணையம்தான்.