குமரி மாவட்டத்தில் கோடைப் புகைப்பட முகாம்: பதின்ம வயதினருக்கான ஆறு நாள் திட்டம்

முகாமுக்கு மே மாதத்தின் முதல் பாதியில் நாள் குறியுங்கள். பரீட்சையெல்லாம் முடிந்திருக்கும். ஜூன் தொடக்கத்தில் இறங்கும் தென்மேற்குப் பருவமழைக்கும் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். கோடை மழை மாலையில் இடியோடு வரத்தான் செய்யும். அதற்காக ஒரு மாலையைக் காலியாக விட்டு வையுங்கள். சித்ரா பௌர்ணமி அந்த நாட்களுக்குள் வந்தால் அன்றைக்குக் குமரி முனைக்குப் போக வேண்டாம். சூரியன் மறைவதையும் நிலா எழுவதையும் சேர்த்துப் பார்க்க வரும் கூட்டத்தில் பிள்ளைகளைக் கண்ணில் வைத்திருக்க முடியாது.

13 முதல் 17 வயதுக்குள் பதினாறு பேர் போதும். நாலு பேருக்கு ஒரு பெரியவர் என்று பிரித்து, அந்தக் குழுவை ஆறு நாளும் மாற்றாதீர்கள். இரு பாலரும் இருந்தால் தங்கும் கட்டடம் தனித்தனி, பெண் பிள்ளைகளோடு பெண் பொறுப்பாளர் தங்க வேண்டும். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியறையில் இருக்கக் கூடாது. படங்களைத் திருத்திச் சொல்வதுகூடக் கூடத்தில் வைத்துத்தான். பெற்றோரின் கையெழுத்தை இரண்டு தாளில் வாங்குங்கள்: மருந்து, ஒவ்வாமை விவரத்துக்கு ஒன்று, பிள்ளையின் முகம் தெரியும் படங்களை வெளியிடலாமா என்பதற்கு ஒன்று.

தங்குமிடம் நாகர்கோவிலை ஒட்டி இருந்தால் தோவாளை, முட்டம், குமரி முனை, பத்மநாபபுரம் எல்லாமே ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும்.

நாளின் அட்டவணையை வெளிச்சம்தான் முடிவு செய்ய வேண்டும். மே மாதம் இங்கே சூரியன் ஆறு மணியை ஒட்டி எழும், மாலை ஆறரையை ஒட்டி விழும். அதனால் நாலரைக்கு எழுப்பி, கட்டன் சாயாவும் பிஸ்கட்டும் கொடுத்து, ஐந்துக்கு வண்டி கிளம்ப வேண்டும். எட்டரைக்குத் திரும்பினால் காலைச் சாப்பாடு. பத்து முதல் பன்னிரண்டரை வரை, எடுத்த படங்களை எல்லோரும் சேர்ந்து பார்க்கும் நேரம். மதியம் சாப்பிட்டதும் ஒன்றரை மணி நேரம் எல்லோரும் தூங்கியே ஆக வேண்டும். மூன்று மணிக்கு வகுப்பு, நாலரைக்கு மறுபடி வெளியே. இரவு ஒன்பதரைக்கு விளக்கு அணைய வேண்டும். காசு கொடுத்த பெற்றோருக்கு நிறைய இடம் காட்ட வேண்டும் என்று நடுப்பகலில் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிச் சுற்றுவது பெரிய தவறு. உச்சி வெயிலில் எடுத்த முகங்களில் கண்குழி கறுத்துப்போகும், பிள்ளைகளும் வாடிப்போவார்கள், கற்றுக்கொள்ள வேண்டிய நேரமும் போய்விடும்.

முகாமின் உயிர் அந்தப் பத்து மணி அமர்வுதான். ஒரு பயணத்துக்கு ஒருவர் 36 படம் மட்டுமே எடுக்கலாம் என்று வரம்பு வையுங்கள். பழைய பிலிம் சுருளின் அளவு. அதிலிருந்து மூன்றை எடுத்தவரே தேர்ந்தெடுத்து வெள்ளைச் சுவரில் புரொஜெக்டரில் காட்ட வேண்டும். எடுத்தவர் முதலில் பேசக் கூடாது. தங்கள் கண் முதலில் எங்கே போனது என்று மற்றவர்கள் சொல்லட்டும். பிறகு ஒரே கேள்வி: எந்தப் பக்கம் ஒரு அடி நகர்ந்திருந்தால் இந்தப் படம் தெளிவாகியிருக்கும்? ‘சூப்பர்’ என்ற சொல்லுக்கு அந்த அறையில் இடம் தராதீர்கள். தேர்வாகாத 33 படங்களையும் சிறு கட்டங்களாக ஒரே திரையில் காட்டுங்கள். நல்ல படத்துக்கு ஒரு நொடி முன்னால் நின்றுவிட்டதை பிள்ளையே அதில் பார்த்துவிடும்.

கருவிகள்

இருவருக்கு ஒரு கேமரா போதும். 18–55 எம்எம் ஜூம் லென்ஸ், இரண்டு பேட்டரி, 32 ஜிபி கார்டு இரண்டு. நாலு பேருக்கு ஒரு ட்ரைபாட் (முக்காலி). 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் முகாமுக்கு இரண்டு இருந்தால் நல்லது. போன் மட்டும் வைத்திருப்பவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம். முதல் நாளே எல்லாக் கேமராவிலும் மணியை ஒரே மாதிரி வையுங்கள். கார்டுக்கும் பேட்டரிக்கும் எண் ஒட்டுங்கள்.

ஒரே கேமராவை இருவர் பயன்படுத்தும்போது வரும் தொல்லைகளில் பாதி, கை மாறும் இடத்தில் வருபவை. ஒருத்தி பத்மநாபபுரம் அரண்மனைக்குள் ஐ.எஸ்.ஓ-வை (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) 3200-இல் வைத்து எடுத்திருப்பாள். மறுநாள் காலை கடற்கரையில் அடுத்தவனின் படமெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கும். கண்ணாடி போடும் பிள்ளை வியூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் துளை) ஓரத்துச் சின்னச் சக்கரத்தைத் தன் பார்வைக்குத் திருகியிருக்கும். வாங்குகிறவனுக்கு எல்லாமே மங்கலாகத் தெரியும், லென்ஸ் கெட்டுவிட்டது என்று ஓடி வருவான். ஆகவே கேமராவை நீட்டும் முன் நான்கைச் சரிபார்க்கப் பழக்குங்கள்: ஐ.எஸ்.ஓ, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அளவு, ஃபோகஸ் பொத்தான், அந்தச் சின்னச் சக்கரம். முதல் நாள் மாலை இதை மட்டுமே பத்து முறை செய்ய வையுங்கள்.

படங்களைக் கணினிக்கு மாற்றும்போது ஒவ்வொரு கார்டுக்கும் தனி ஃபோல்டர் வேண்டும். ஒரே நிறுவனத்தின் இரு கேமராக்கள் ஒரே கோப்புப் பெயரைத் தரும். ஒரே ஃபோல்டரில் போட்டால் ஒன்று மற்றதை அழித்துவிடக்கூடும். இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகல் ஏறிய பிறகே கார்டை ஃபார்மேட் செய்யலாம்.

எங்கே, எப்படி

முதல் நாள் எங்கும் போக வேண்டாம். ஓடும் மின்விசிறியை 1/1000, 1/60, 1/8 நொடி ஷட்டரில் (கேமராவுக்குள் வெளிச்சம் விழும் நேரம்) எடுக்கட்டும். மூன்று இளநீரை ஒரு முழ இடைவெளியில் வரிசையாக வைத்து, 50 எம்எம் லென்ஸின் துளையை எஃப் 1.8, எஃப் 5.6, எஃப் 16 என்று சுருக்கிக்கொண்டே எடுத்துப் பார்க்கட்டும். ஜன்னலோரத்தில் நண்பனை உட்கார வைத்து முகம் எடுக்கட்டும்.

தோவாளைப் பூச்சந்தைக்கு விடியும் முன் போய்ச் சேர வேண்டும். அங்கே எல்.இ.டி விளக்கொளியில் வேகமான ஷட்டர் வைத்தால் படத்தில் கறுப்புக் கோடுகள் விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு நூறு தரம் கூடிக் குறைகிறது. 1/50 அல்லது 1/100-இல் நின்றால் கோடு மறைந்துவிடும். மல்லி, பிச்சி வெள்ளையில் வெளிச்சம் கூடிப் போனால் இதழின் மடிப்பு தெரியாது. வெளிச்சத்தை ஒரு படி, அதாவது பாதியாக, குறைத்து எடுங்கள். வியாபாரத்துக்கு நடுவே நிற்காமல் ஓரமாக நிற்கவும், கேட்டுவிட்டு எடுக்கவும், எடுத்ததைக் காட்டவும் சொல்லிக் கூட்டிப் போங்கள்.

குமரி முனையில் காலைக்கு மட்டும் போங்கள். மே மாதம் சூரியன் நேர் கிழக்கிலிருந்து வடக்கே தள்ளி எழும், மறையும்போதும் மேற்கிலிருந்து வடக்கே தள்ளி மறையும். டிசம்பர் படங்களைப் பார்த்துவிட்டு அதே இடத்தில் நின்றால் விவேகானந்தர் பாறைக்கும் 133 அடி வள்ளுவர் சிலைக்கும் பின்னால் சூரியன் வராது. மாலையில் அங்கே கரைப்பக்கம்தான் மறையும். கடலில் சூரியன் இறங்க வேண்டும் என்றால் முட்டம் போக வேண்டும்.

மீன்பிடித் தடைக்காலத்தையும் பார்த்து இடம் குறியுங்கள். கிழக்குக் கடற்கரைத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குமரி முனையை ஒட்டிய சின்னமுட்டம் துறைமுகம் அதில் அடங்கும். மேற்குத் தடை ஜூன் 1-இல்தான் தொடங்கும். ஆக மே மாதம் சின்னமுட்டத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். பெயின்ட் அடிப்பு, வலை பின்னல் என்று அசையாத காட்சிகள், தொடக்கக்காரர்களுக்கு ஏற்றவை. மீன் இறங்குவதும் ஏலமும் வேண்டுமென்றால் குளச்சல், முட்டம் பக்கம்.

பத்மநாபபுரம் அரண்மனை திங்கட்கிழமை விடுமுறை. கேமராவுக்குத் தனிக் கட்டணம். உள்ளே இருட்டு, ஃப்ளாஷ் இல்லாமல் ஐ.எஸ்.ஓ 1600 முதல் 3200, 1/60 வைத்து, தூணில் சாய்ந்து மூச்சை அடக்கி எடுக்க வேண்டும். பளபளக்கும் கறுப்புத் தரையில் ஜன்னல் வெளிச்சம் விழுவதைக் கேமராவைத் தரைக்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்து எடுத்தால் அருமையாக வரும். மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு மாலையில் போங்கள். 115 அடி உயரத் தூண்களைப் பறளியாற்றுப் பக்கம் கீழிறங்கி நின்று எடுத்தால்தான் அளவு புரியும். பக்கத்தில் ஒரு ஆள் நிற்கட்டும். தேரூர், சுசீந்திரம் குளங்களுக்கு வலசைப் பறவைகளை நம்பிப் போகாதீர்கள், மே மாதம் அவை திரும்பிப் போயிருக்கும்.

கடல்

இதில் தளர்வே கூடாது. காற்றில்லாமல் வானம் தெளிந்திருக்கும்போதே பெரிய அலை கரையேறுவதைத்தான் கள்ளக்கடல் என்கிறோம். 2024 மே மாதம் இதே மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் இறந்துபோனார்கள். கிளம்பும் முன் இன்காய்ஸ் (இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம்) தரும் கடல் எச்சரிக்கையைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் அன்று கடற்கரை கிடையாது, மாத்தூரோ பேச்சிப்பாறை அணையோ போகலாம். முட்டத்துப் பாறைகளில் கறுத்து ஈரமாகத் தெரியும் எல்லை வரை அலை வந்துபோயிருக்கிறது. அதற்கு இப்பால்தான் கால் வைக்க வேண்டும். வியூஃபைண்டருக்குள் கண்ணை வைத்தவனுக்கு அலை தெரியாது. ஒருவர் எடுக்கும்போது ஜோடி கடலைப் பார்த்து நிற்க வேண்டும். இருவருக்கு ஒரு கேமரா என்று சொன்னதற்கு இதுவும் காரணம்.

மணலில் லென்ஸ் மாற்றாதீர்கள். உப்புத் துளி பட்ட கண்ணாடியை உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்பு கீறிவிடும்; நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த துணியால் ஒற்றி எடுத்துப் பிறகு துடையுங்கள். ட்ரைபாட் கால்களை அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஏசி அறையிலிருந்து எடுத்த கேமராவைப் பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வையுங்கள், இல்லாவிட்டால் லென்ஸில் ஆவி படிந்து விடியல் போய்விடும்.

கடைசி நாள் கண்காட்சிக்கு ஒருவருக்கு இரண்டு படம், 8×12 அங்குலம். கேமரா படம் 2:3 என்பதால் அந்த அளவில் ஓரம் வெட்டுப்படாது. போன் படத்துக்கு 6×8. 8×12 அச்சுக்குக் குறைந்தது 2400×3600 பிக்சல் வேண்டும். கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். அதோடு 4×6 அளவில் கூடுதலாகச் சில அச்சுகள் போடுங்கள். பூச்சந்தையிலும் துறைமுகத்திலும் முகம் கொடுத்தவர்களுக்கு அவை சேர வேண்டும். பெயரையும் இடத்தையும் எடுத்த அன்றே நோட்டில் எழுதி வைத்திருந்தால்தான் அது நடக்கும்.