ஊர் கூடிச் சுவர் வரைய: மக்கள் பங்கேற்புக் கலைக்கு ஒரு வழிகாட்டி

பலர் சேர்ந்து செய்யும் எந்த வேலையையும் ‘ஊர் கூடித் தேர் இழுப்பது’ என்று சொல்வது நம் வழக்கம். தெருவில் உள்ள மக்களோடு சேர்ந்து சுவரோவியம் வரைய நினைப்பவருக்கு அந்த உவமை பாதிதான் பொருந்தும். தேர் எந்த வீதிகளில் போகும் என்பது முன்பே முடிவாகியிருக்கும். வடம் பிடிப்பவர்களிடம் அதை யாரும் கேட்பதில்லை. வடத்தை யார் தொடலாம் என்ற கேள்விக்கே நீதிமன்றம் வரை போன ஊர்களும் நம்மிடையே உண்டு. ஓவியர் தன் அறையிலேயே வரைந்து முடித்த படத்துக்குக் கடைசி இரண்டு நாள் பிள்ளைகளை அழைத்து வண்ணம் நிரப்பச் சொல்லி, அதைப் புகைப்படம் எடுத்து ‘மக்கள் பங்கேற்பு’ என்று அறிக்கை எழுதுவது இப்போது பரவலாக நடக்கிறது. அது பங்கேற்பு அல்ல. கூலி கொடுக்காமல் வாங்கும் வேலை. எதை வரைவது, எங்கே வரைவது, எதை வரையாமல் விடுவது என்ற முடிவுகளில் ஊருக்குப் பங்கு இருந்தால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு என்று உறுதியாக நம்பும் ஒருவர் எழுதும் செய்முறை இது.

இந்த வேலையில் இறங்குபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய முன்னோடி, லாஸ் ஏஞ்சலஸ் நகரின் டுஹங்கா வாஷ் என்ற வெள்ள வடிகாலின் கான்கிரீட் சுவரில் ஓவியர் ஜூடி பாக்கா 1976-இல் தொடங்கிய சுவரோவியம். முதல் கோடையில் அவரோடு வேலை செய்த 80 இளைஞர்கள் சிறார் நீதித்துறையின் வழியாக அனுப்பப்பட்டவர்கள். 1983 வரை ஐந்து கோடைகளில் 400-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் சேர்ந்து 2,754 அடி நீளத்துக்கு அதைக் கொண்டுசென்றார்கள். அந்த நீளத்தைவிட வேலை நடந்த வரிசைதான் நமக்குப் பாடம். இளைஞர்கள் முதலில் வரலாற்று அறிஞர்களோடு உட்கார்ந்து, பழங்குடிகளும் குடியேறிகளும் வாழ்ந்த கலிஃபோர்னியாவின் கதையை, பாடநூல்கள் விட்டுவிட்ட பகுதிகளோடு கேட்டார்கள். பிறகு அதை உருவங்களாக்கினார்கள். அதன் பிறகே தூரிகையைத் தொட்டார்கள். அந்த வேலைக்கு ஊதியமும் பெற்றார்கள்.

சுவரும் அனுமதியும்

தமிழ்நாட்டில் பொதுச்சுவர் எதுவும் வெற்றுச்சுவர் அல்ல. தேர்தலுக்குப் பல மாதங்களுக்கு முன்பே கட்சிக்காரர்கள் சுண்ணாம்பு அடித்து, ஆண்டைக் குறிப்பிட்டுச் சுவரை ‘ஒதுக்கி’ வைத்திருப்பார்கள். ஆகவே பஞ்சாயத்திலோ மாநகராட்சியிலோ எழுத்துப்பூர்வமான அனுமதி வாங்குவதோடு, அந்தச் சுவரை இதுவரை பயன்படுத்தி வந்தவர்களிடம் நேரில் சென்று பேசுவதும் தேவை. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே நடைமுறையில் இருப்பதால், வாய்மொழி அனுமதியை நம்பி வண்ணம் வாங்கிவிடக் கூடாது.

சுவரின் உடல்நிலையையும் பார்க்க வேண்டும். கீழ்ப்பகுதியில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் உள்ளே ஓதம் இருக்கிறது. அதன் மேல் எவ்வளவு நல்ல எமல்ஷனைப் பூசினாலும் ஓரிரு மழைக்காலங்களில் உரிந்துவிடும். ஐயமிருந்தால் ஒரு சதுர அடி பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்புறம் நீர் துளிர்த்திருந்தால் வேறு சுவரைத் தேடுவது நல்லது. புதிய பூச்சு என்றால் 28 நாட்களாவது ஆறவிட வேண்டும். பழைய சுண்ணாம்பை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சுண்ணாம்பு உதிரும்போது ஓவியமும் சேர்ந்து உதிரும். பழைய எனாமல் பூச்சு இருந்தால் உலர்ந்த நிலையில் உரசித் தூசி கிளப்பக் கூடாது, ஏனெனில் அதில் ஈயம் இருக்கக்கூடும். புதிய வண்ணங்களில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகள் வரப்போகும் இடம் என்பதால் இதில் சமரசம் கூடாது.

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களைப் பேசவும் கேட்கவும் ஒதுக்கிக்கொண்டு, தை பிறந்த பிறகு தூரிகையை எடுப்பது நம் ஊருக்குப் பொருத்தமான காலக்கணக்கு.

எங்கே கூடுவது

பலரும் பொருட்படுத்தாமல் கடந்துவிடும் இந்தக் கேள்விதான் எனக்கு மிக முக்கியமானதாகத் தோன்றுகிறது. முதல் கூட்டத்தைக் கோயில் மண்டபத்திலோ ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையிலோ வைத்தால், யார் வரமாட்டார்கள் என்பது அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த நொடியிலேயே முடிவாகிவிடுகிறது. நான் உடனிருந்த ஒரு பணியில், நான்கு கூட்டங்கள் நடந்து முடிந்த பிறகுதான் காலனித் தெருவிலிருந்து ஒருவர்கூட வரவில்லை என்பதைக் கவனித்தோம். அவர்களை யாரும் தடுக்கவில்லை; ஆனால் கூட்டம் நடந்த மண்டபத்தின் படியில் அவர்கள் ஒருநாளும் ஏறியதில்லை. ஐந்தாவது கூட்டத்தைப் பள்ளி வளாகத்துக்கு மாற்றி, அதுவரை எடுத்த முடிவுகளையெல்லாம் தள்ளிவைத்து முதலிலிருந்து தொடங்கினோம். மூன்று வாரங்கள் வீணாயின என்று வருந்தியவர்கள் உண்டு. அந்தச் சுவரில் இன்று இருக்கும் பறை, அந்த ஐந்தாவது கூட்டத்தில் வந்தது.

ஆகவே எல்லாத் தெருக்காரர்களும் தயக்கமின்றி வந்துபோகும் இடமாகப் பாருங்கள்: ரேஷன் கடை வாசல், அரசுப் பள்ளி, நூலகம், தண்ணீர் பிடிக்கும் இடம். நேரத்தையும் அவர்களுடைய வேலையை ஒட்டி வையுங்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களைக் காலை பத்து மணிக்கு அழைப்பதும், கடலுக்குப் போய் விடியலில் திரும்பிய மீனவர்களை முற்பகலில் எழுப்புவதும், வரவேண்டாம் என்று சொல்வதற்குச் சமம்.

சுவர் என்று முன்பே முடிவு செய்துகொண்டு போகாமலிருக்க முடிந்தால் இன்னும் நல்லது. கலைஞர் நவ்ஜோத் அல்தாஃப் 1990-களின் இறுதியிலிருந்து சத்தீஸ்கரில் உள்ள பஸ்தரின் கொண்டகாவ் பகுதியில் அங்குள்ள ஆதிவாசிக் கலைஞர்களோடு சேர்ந்து செய்த வேலைகளில் கைப்பம்புகளைச் சுற்றி அமைத்த நல்பார் என்ற கட்டமைப்புகள் முக்கியமானவை. தண்ணீர் எடுக்கும் பெண்கள் நிறைகுடத்தை ஒரே மூச்சில் தலைக்குத் தூக்க வேண்டியிருந்ததைக் கவனித்து, குடத்தை இடையில் இறக்கிவைத்து எடுக்க ஏற்ற மேடைகளை அந்த வடிவத்திலேயே சேர்த்தார்கள். அது சிற்பமாகவும் நின்றது, இடுப்பு வலியையும் குறைத்தது. ஊரிடம் கேட்டபோது வந்த விடை ஓவியமாக இல்லாமல் போகலாம் என்பதற்கு ஓவியர் தயாராக இருக்க வேண்டும்.

எப்படிக் கேட்பது

‘சுவரில் என்ன வரையலாம்?’ என்று கேட்டால் மயில், தலைவர் படம், மலையும் ஆறும் சூரியனும் என்றுதான் விடை வரும். அது மக்களின் குறையன்று. அவ்வளவு அகலமான கேள்விக்கு யாராக இருந்தாலும் முன்பு பார்த்த படத்தையே சொல்வார்கள். கேள்வியைச் சிறிதாக்குங்கள். யாழ்ப்பாணத்துக் கலைஞர் தா. சனாதனன், போரில் இடம்பெயர்ந்தவர்களிடம் தாங்கள் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தரச் சொன்னார். அப்படி வந்த எண்பது தரைப்படங்களோடு, கட்டடக்கலை முறையில் திருத்தி வரைந்த வடிவங்களையும் தம் ஓவியங்களையும் சேர்த்து 2011-இல் நூலாக்கினார். காணிப் பதிவேட்டைக் குறிக்கும் தோம்பு என்ற பழைய சொல்லையே அதன் பெயரில் வைத்தார். தன்னை ஓவியர் என்று ஒருநாளும் நினைத்திராத ஒருவராலும் சமையலறை எந்தப் பக்கம் இருந்தது, கிணறு எத்தனை அடி தள்ளி இருந்தது என்று கோடு போட முடியும். கோடு போடும்போது கதை தானாக வரும்.

உங்கள் தெருவிலும் இதைப் போன்ற ஒரு பணியைக் கொடுங்கள். வீட்டிலிருந்து பள்ளிக்கு நடந்த வழியை வரையச் சொல்லலாம். தூர்ந்துபோன குளத்தின் கரை எதுவரை இருந்தது என்று முதியவர்களைக் கோலப்பொடியால் தரையில் காட்டச் சொல்லலாம். வீட்டில் இருக்கும் மிகப் பழைய கைக்கருவி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லலாம். சொல்வதை அவரவர் பேச்சு வழக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள். உங்களை நம்பித் தனியே சொன்னதை, சொன்னவரிடம் மறுபடி கேட்காமல் ஒருபோதும் சுவரில் ஏற்றாதீர்கள்.

வரைவைத் தெருவில் வைப்பது

கேட்டதிலிருந்து இரண்டு மூன்று வரைவுகளைத் தயாரித்துச் சுவருக்குப் பக்கத்திலேயே பத்து நாட்கள் ஒட்டிவையுங்கள். அதன் மேலேயே எழுதவும் திருத்தவும் பென்சிலைக் கட்டித் தொங்கவிடுங்கள். வாக்கெடுப்பை மட்டும் நம்பினால் பெரிய தெருவே வெல்லும். சிறிய குடும்பங்கள் ‘இது வேண்டாம்’ என்று சொல்வதற்கு எண்ணிக்கையைத் தாண்டிய மதிப்பு கொடுக்க வேண்டும்.

வண்ணங்களில் தனிக்கவனம் தேவை. கருப்பும் சிவப்பும் அடுத்தடுத்து வந்தாலோ, மூன்று பட்டைகள் குறிப்பிட்ட வரிசையில் அமைந்தாலோ அது கொடியாகப் படிக்கப்படும். தென் மாவட்டங்களில் இரு வண்ணச் சேர்க்கை சாதி அடையாளமாகவே படிக்கப்படும். வெளியூர் ஓவியருக்குத் தெரியாத இதை அந்தத் தெருவின் பத்து வயதுப் பிள்ளை சொல்லிவிடும். உயிரோடு இருப்பவரின் முகம் என்றால் அவரிடமும், மறைந்தவரின் முகம் என்றால் குடும்பத்திடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

எல்லோரும் ஒரே படத்துக்கு இணங்கவில்லையென்றால், ஒரே படமாகத்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டியதில்லை. எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களுக்காக அமெரிக்காவில் 1987-இல் தொடங்கிய நினைவுத் துணியில் ஒவ்வொரு துண்டும் மூன்றடிக்கு ஆறடி, ஒரு கல்லறையின் அளவு. அந்த ஒரு விதிக்குள் தையல், எழுத்து, இறந்தவரின் சட்டை என எதையும் அவரவர் விருப்பப்படி சேர்த்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் வாஷிங்டனில் விரித்தபோது 1,920 துண்டுகள் இருந்தன. அளவை மட்டும் நிர்ணயித்து உள்ளடக்கத்தை விட்டுக்கொடுக்கும் இந்த முறை ஓடுகளுக்கும், மரப்பலகைகளுக்கும், கட்டம் பிரித்த சுவருக்கும் பொருந்தும்.

பல கைகளை வேலைக்குக் கொண்டுவருவது

சிறு படத்தைச் சுவருக்குப் பெரிதாக்கக் கட்டம் போடுவதே எளிய வழி. சுண்ணாம்புப் பொடி தடவிய நூலை இழுத்து அடித்து ஓரடிக் கட்டங்களைப் பிரித்து, காகிதத்தில் உள்ள ஒவ்வொரு கட்டத்தையும் அதற்குரிய சுவர்க் கட்டத்தில் வரைய வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்த புள்ளிக் கோலத்தை மார்கழியில் வீதி அகலத்துக்குப் பெரிதாக்கும் பெண்களுக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்களே இந்தப் பகுதிக்குப் பொறுப்பேற்கட்டும். ஃபிளெக்ஸ் பேனர் வந்த பிறகு வேலை இழந்த சுவர் எழுத்துக் கலைஞர் ஒருவர் ஏறக்குறைய எல்லா ஊரிலும் இருப்பார். அவரைத் தேடிப் பிடித்து முதல் ஊதியத்தை அவருக்கு ஒதுக்குங்கள். வெயிலில் தூரிகை எப்படி ஓடும் என்பது கலைக்கல்லூரியில் படித்தவரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

சுவருக்கு வர முடியாதவர்களும் வரையலாம். 1984-இல் தொடங்கிய ஃபிலடெல்ஃபியா நகரச் சுவரோவியத் திட்டத்தில், பாராசூட் துணி என்று அவர்கள் அழைக்கும் மெல்லிய நெய்யாத துணியை ஐந்தடிச் சதுரங்களாக வெட்டி, கோடும் வண்ண எண்ணும் குறித்துப் பள்ளிகளுக்கும் சிறைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் கொண்டுபோகிறார்கள். வண்ணம் தீட்டிய துண்டுகளை அக்ரிலிக் ஜெல் கொண்டு சுவரில் ஒட்டுகிறார்கள். படுக்கையில் இருக்கும் பாட்டியின் கைவண்ணமும் நாற்பதடி உயரத்துக்குப் போகும். வண்ண எண்ணுக்குள் நிரப்புவது தொடக்கத்தில் நான் குறைசொன்ன வேலைதானே என்று கேட்கலாம். வரைவில் பங்கெடுத்தவர்கள் நிரப்பும்போது அது அவர்கள் படம். மற்றவர்களை மட்டும் வைத்து நிரப்பினால் குறை குறைதான்.

செய்முறையில் சில: பிரைமர் ஒரு பூச்சு, வெளிப்புற எமல்ஷன் இரண்டு பூச்சு என்று கணக்கிடுங்கள். இரண்டு பூச்சுக்கு ஒரு லிட்டர் ஏறத்தாழ 50 முதல் 60 சதுர அடி வரை வரும். மேற்கு பார்த்த சுவரில் காலையில் மட்டும் வேலை செய்யுங்கள். சூடேறிய சுவரில் வண்ணம் தூரிகையிலேயே காய்ந்து திட்டுத் திட்டாகும். பிள்ளைகள் தரையில் நின்று கைக்கு எட்டும் உயரம் வரைதான். சாரத்தில் ஏறுபவர்கள் பழகியவர்களாகவும் பாதுகாப்பு வார் கட்டியவர்களாகவும் இருக்க வேண்டும்.

கூலி, பெயர், பராமரிப்பு

நிதி வந்திருந்தால் அதில் யாருக்கு எவ்வளவு என்பதைத் தெருவில் எழுதி ஒட்டுங்கள். ஓவியருக்கு ஊதியமும் ஊர்க்காரருக்குத் தேநீரும் என்ற ஏற்பாடு நீடிக்காது. ஒரு நாள் வேலையை விட்டு வருபவருக்கு அந்த நாளின் கூலி தரவேண்டும். தன் விருப்பத்தில் மாலையில் வந்து ஒரு மணி நேரம் வரைபவர் வேறு. இந்த வேறுபாட்டை முதல் கூட்டத்திலேயே பேசிவிடுவது பின்னால் வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும்.

கையெழுத்திடும் மூலையில், ஒப்புதல் தந்த அனைவரின் பெயர்களும் ஒரே அளவு எழுத்தில், சாதிப் பின்னொட்டு இல்லாமல், அகர வரிசையில் வரட்டும். ஓவியரின் பெயரும் அந்த வரிசையில் தனக்குரிய இடத்தில் இருக்கட்டும். நிதி கொடுத்த நிறுவனத்தின் சின்னத்துக்கு எவ்வளவு இடம் என்பதைப் பணம் வாங்கும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்த அன்று மிஞ்சிய வண்ணங்களை ஓவியர் எடுத்துச் செல்லக் கூடாது. ஒவ்வொரு டப்பாவிலும் வண்ண எண்ணையும், படத்தில் எந்தப் பகுதிக்கு அது பயன்பட்டது என்பதையும் எழுதி, மூடியை இறுக்கி, தெருவிலேயே இருவர் வீட்டில் வையுங்கள். அடுத்த மழைக்காலம் முடிந்ததும், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வாரத்தில், அதே ஆட்கள் கூடிச் சுவரைத் தட்டிப் பார்த்து, பெயர்ந்த இடங்களைச் சுரண்டி மறுபூச்சுப் போடட்டும். அப்போது ஒரு பகுதியை மாற்றி வரைய வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தால், உங்களைக் கேட்காமலே மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.