வேறுபாட்டுப் பெருக்கியின் இரு பெருக்கங்களைக் கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரு உள்ளீடுகளுக்கு இடையிலான வேறுபாட்டைப் பெருக்கும் வேறுபாட்டுப் பெருக்கியின் ஓர் உள்ளீட்டைத் தரையுடன் இணைத்துவிட்டு, மற்றதில் 10 மில்லிவோல்ட் கொடுப்பவர்கள் பொதுமுறைச் சைகை சுழியாகிவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். பொதுமுறை என்பது இரு உள்ளீடுகளின் சராசரி. ஆகவே அங்கே 10 மில்லிவோல்ட் வேறுபாட்டோடு 5 மில்லிவோல்ட் பொதுமுறையும் சேர்ந்தே இருக்கிறது. முன்னதை எத்தனை மடங்காக்குகிறது என்பது வேறுபாட்டுப் பெருக்கம்; பின்னதை எத்தனை மடங்காக்குகிறது என்பது பொதுமுறைப் பெருக்கம்.

ஆய்வகப் பதிவேடுகளில் அடிக்கடி காணப்படும் பிழை வேறொன்று. இரு டிரான்சிஸ்டர்களால் அமைந்த பெருக்கியில் ஒவ்வொன்றிலும் 1 மில்லியாம்பியர் பாய்கிறது, கலெக்டர் மின்தடையும் இரு எமிட்டர்களுக்கும் பொதுவான மின்தடையும் தலா 4.7 கிலோஓம் என்று கொள்வோம். ஒரு கலெக்டரிலிருந்து தரையை நோக்கி அளந்தால் வேறுபாட்டுப் பெருக்கம் ஏறத்தாழ 90. இரு கலெக்டர்களுக்கு இடையே அளந்தால் 180. பொதுமுறைப் பெருக்கத்தைக் கணக்கிடும்போது, இரு டிரான்சிஸ்டர்களின் மின்னோட்டமும் எமிட்டர் மின்தடை வழியே செல்வதால், அதை இருமடங்காகக் கொள்ள வேண்டும்; அப்போது ஒற்றை வெளியீட்டில் கிடைப்பது 0.5 மட்டுமே. 180-ஐ இந்த 0.5-ஆல் வகுத்து சி.எம்.ஆர்.ஆர். (வேறுபாட்டுப் பெருக்கத்தைப் பொதுமுறைப் பெருக்கத்தால் வகுத்த விகிதம்) 360 என்று எழுதுவது, இருவேறு வெளியீடுகளைக் கலந்து 6 டெசிபெல்லை இலவசமாகச் சேர்த்துக்கொள்வதாகும். ஒற்றை வெளியீட்டின் 90-ஐ 0.5-ஆல் வகுத்தால் கிடைக்கும் சரியான விகிதம் 180, அதாவது சுமார் 45 டெசிபெல். (மின்னழுத்த விகிதம் என்பதால் மடக்கையை 20-ஆல் பெருக்க வேண்டும், 10-ஆல் அல்ல.)

வேறுபாட்டுப் பெருக்கத்தை அளக்க 100 மில்லிவோல்ட் கொடுப்பதும் பயனற்றது. எமிட்டர்களில் தனி மின்தடைகள் இல்லாத டிரான்சிஸ்டர் இணை, சில பத்து மில்லிவோல்ட்டைத் தாண்டியதுமே நேர்கோட்டுப் போக்கை இழந்துவிடும்.

ஆனால் நடைமுறையில் அதிகம் ஏமாற்றுவது, ஆப்-ஆம்பின் (செயற்பாட்டுப் பெருக்கிச் சில்லு) தரவுத்தாளில் சி.எம்.ஆர்.ஆர். என உள்ள 90 டெசிபெல்லை முழுச் சுற்றுக்கும் உரியதாக நம்பிவிடுவதே. நான்கு மின்தடைகளைக் கொண்டு பெருக்கம் 1 உள்ள வேறுபாட்டுச் சுற்றை 1 சதவீத மின்தடைகளால் அமைத்தால், மோசமான நிலையில் சி.எம்.ஆர்.ஆர். 34 டெசிபெல்தான், ஆப்-ஆம்பை மாற்றினாலும் அது உயராது. அந்த நிலையில் இரு உள்ளீடுகளிலும் பொதுவாக ஏறியிருக்கும் 1 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் இரைச்சல், வெளியீட்டில் 20 மில்லிவோல்ட்டாகத் தோன்றும். அளக்க வந்த 10 மில்லிவோல்ட் சைகையைவிட அது பெரிது. மின்தடைகள் 0.1 சதவீதத் துல்லியம் உடையவையானால் 54 டெசிபெல் உறுதி. அவ்வாறு பொறுக்கி எடுத்த பின்னும், 10 கிலோஓம் மின்தடைகள் உள்ள சுற்றின் ஒரு பக்கத்தில் மட்டும் உணரியின் 100 ஓம் தடை சேர்ந்தால், அதுவே 1 சதவீதப் பொருத்தமின்மையாகி, மற்றவை கச்சிதமாக இருந்தாலும் 46 டெசிபெல்லுக்கு இறக்கிவிடும். எனவே பொதுமுறைப் பெருக்கத்தை உணரியும் கம்பிகளும் இணைந்த நிலையிலேயே அளக்க வேண்டும்.