பனரில் நிறம் பிழைத்தால் முதலில் பைலைத் தொடாதீர்கள்

அஞ்சலி பனரில் அம்மம்மாவின் முகம் பச்சை பூத்து வந்தால் பல கடைகளில் உடனே போட்டோஷொப்பைத் திறந்து சிவப்பைக் கூட்டுவார்கள். அடுத்த பிரதி ஓரளவு சரியாக வரும். பிரிண்டர் ஹெட்டைச் சுத்தம் செய்த பிறகு அதே பைலை அடித்தால் முகம் செங்கல் நிறத்தில் நிற்கும். ஏனென்றால் பிழை பைலில் இருக்கவேயில்லை.

எனவே முதல் வேலை நொசில் செக், அதாவது ஹெட்டில் மை வரும் நுண்துளைகள் திறந்திருக்கின்றனவா என்று ஒவ்வொரு நிறத்திலும் கோடுகள் அடித்துப் பார்ப்பது. மஜெந்தா (ஊதாச்சிவப்பு மை) கட்டத்தில் படிப்படியாக இறங்கும் கோடுகளில் நாலைந்து இல்லாவிட்டாலே தோல் நிறம் பச்சைக்கும் மஞ்சளுக்கும் சாயத் தொடங்கிவிடும். கறுப்பு எழுத்து மட்டும் அடிக்கும்போது இது கண்ணில் படாது, முகத்தில்தான் காட்டிக்கொடுக்கும். சோளகம் வீசும் மாதங்களில் ஏ9 வீதியோரக் கடைகளில் கதவைத் திறந்துவைத்து அடித்தால் செம்மண் தூசி பிளெக்ஸிலும் ஹெட்டிலும் படியும். அதற்காக விடாமல் ஐந்தாறு தடவை கிளீனிங் கொடுப்பதும் தவறுதான். மை வீணாகும், சிலவேளை காற்றும் உள்ளே புகும். இரண்டு தடவை கொடுத்தும் திறக்காவிட்டால் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி பாருங்கள்.

நொசில் சரியென்றால் அடுத்து புரொபைல், அதாவது எந்தப் பொருளில் எந்த மையை எவ்வளவு விட வேண்டும் என்று சொல்லும் நிறக் கோப்பு. பளபளப்பான வைனல் ஸ்டிக்கருக்குப் போட்ட புரொபைலிலேயே மலிவு பிளெக்ஸையும் அடிப்பதுதான் நான் அதிகம் காணும் தவறு. இரண்டின் வெண்மையும் ஒன்றல்ல, மை பிடிக்கும் அளவும் ஒன்றல்ல. வேகத்துக்காகப் பாஸ் எண்ணிக்கையை, அதாவது ஒரே இடத்தின் மேல் ஹெட் போய்வரும் தடவைகளைக் குறைத்தாலும், மலிவென்று வேறு நிறுவனத்தின் மையை ஊற்றினாலும் பழைய புரொபைல் பொருந்தாது. மை மாற்றினால் புரொபைலும் புதிதாகச் செய்ய வேண்டும். அந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் மை லாபம் என்று சொல்வதில் அர்த்தமில்லை.

இன்னொரு குழப்பம், நிறமாற்றத்தை இரண்டு இடத்தில் செய்வது. போட்டோஷொப்பிலேயே பிரிண்டர் புரொபைலுக்கு மாற்றிய பைலை ரிப் மென்பொருள் (பைலைப் பிரிண்டருக்கான மைப் புள்ளிகளாக மாற்றுவது) திரும்பவும் மாற்றினால் படம் மங்கி, நிறம் திரிந்து வரும். ஒன்றிடம் பொறுப்பைக் கொடுங்கள். ரிப்பிடம் கொடுப்பதே வசதி.

வற்றாப்பளைப் பொங்கல் நெருங்கும் வைகாசியில் வேலை குவியும்போது "தம்பி, போனில பார்த்த நீலம் இதில்லையே" என்ற முறைப்பாடும் வரும். வாடிக்கையாளர் சொல்வது உண்மைதான். திரையின் கடும் நீலத்தை சியான் (வெளிர்நீலம்), மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மையால் தர முடியாது. திரைக்கான ஆர்ஜிபி நீலத்தை அப்படியே மாற்றவிட்டால் மஜெந்தா சியானை எட்டிப்பிடித்து ஊதாவாகிவிடும். சியான் 100 வீதம், மஜெந்தா 60 வீதம் என்று தொடங்கி ஒரு துண்டு அடித்துப் பாருங்கள். முழு பனரையும் அடித்துவிட்டுப் பேரம் பேசுவதைவிட, ஒரு சாண் துண்டை முதலில் அவரிடம் காட்டுவது மலிவு.

கரண்ட் போய் வந்தவுடன் விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள். ஹீட்டர் ஆறிய பிளெக்ஸில் மை பரவும் விதமே வேறு, நடுவில் கோடு விழுந்ததுபோல நிறம் பிரியும். ஹீட்டர் சூடேறும்வரை பொறுத்து, அந்தப் பனரை முதலிலிருந்து அடிப்பதுதான் பாதுகாப்பு. மாரி காலத்தில் ஈரப்பதம் கூடிக் காய்வது தாமதமாகும். ஈரம் போகுமுன் நிறத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

அப்புறம், கடையின் எல்ஈடி வெளிச்சத்தை நம்பவே வேண்டாம். அதன் கீழ் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு சிவப்பு வெயிலில் வேறாகத் தெரியலாம். கோயில் வாசலில் கட்டப்போகும் பனரென்றால் மாதிரித் துண்டைப் பகல் வெளிச்சத்தில் வெளியே பிடித்துப் பாருங்கள். வாடிக்கையாளர் சரியென்றதும் அதன் பின்பக்கத்தில் புரொபைல், பாஸ், திகதி மூன்றையும் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் அதே கோயில்காரர் அதே நிறம் கேட்டு வருவார்.