பூச்சிமருந்து பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்

காய்கறியில் விஷம் என்று பேச்சு வந்தாலே பழி முழுக்க விவசாயி தலையில் விழுகிறது. உரக்கடையில் போய் "கத்தரியில புழு" என்றால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதைத்தான் பலரும் அடிக்கிறோம், லேபிளைப் படிக்கச் சொல்லித்தர ஆளில்லை. அதனால் கத்தரியை வைத்தே சொல்கிறேன்.

முதலில் பயிர்ப் பெயர். லேபிளிலோ உள்ளே மடித்து வைத்த தாளிலோ எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, எவ்வளவு என்று இருக்கும். கத்தரி அதில் இல்லையென்றால் வாங்காதீர்கள், பருத்திக்கு நன்றாகக் கேட்டது என்று யார் சொன்னாலும் சரி. மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தைக் காய்கறிக்கு அடிக்கக்கூடாது என்று 2005லேயே தடை வந்துவிட்டது. அளவு பெரும்பாலும் எக்டேருக்குத்தான் போட்டிருப்பார்கள், இரண்டரையால் வகுத்தால் ஏக்கர் கணக்கு வரும்.

அப்புறம் லேபிளில் இருக்கும் நிற முக்கோணம். சிவப்பு மிகக் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. இந்த நிறம் உடனடி நச்சுத்தன்மையை மட்டும்தான் சொல்கிறது, பச்சை என்பதற்காக மறுநாளே காய் பறிக்கலாம் என்று அர்த்தமில்லை.

எல்லாவற்றையும் விட முக்கியம் காத்திருப்புக் காலம், அதாவது கடைசியாக மருந்தடித்த நாளுக்கும் பறிக்கும் நாளுக்கும் நடுவே விட வேண்டிய நாட்கள். கத்தரியை நாலைந்து நாளுக்கு ஒருமுறை பறிக்கிறோம், தாளில் பத்து நாள் என்றிருந்தால் இரண்டு பறிப்பை விட வேண்டும், அந்த நஷ்டத்தை யாரும் தரப்போவதில்லை, ஓட்டை விழுந்த காயைச் சந்தையில் கழித்தும் விடுவார்கள். காயில் எஞ்சிய நஞ்சு பற்றிய விவாதத்தில் இந்த இக்கட்டைப் பேசாமல் விடுவது அநியாயம். நம்மால் முடிந்தது இதுதான்: பறிப்பு இடைவெளியை விடக் குறைந்த காத்திருப்புக் காலம் உள்ள மருந்தாகக் கேட்டு வாங்கி, பறித்த அன்று மாலையே அடித்துவிடுவது. அதற்கும் முன்னால், புழு துளைத்து வாடித் தொங்கும் நுனித்தண்டுகளைக் கிள்ளி அழித்து, ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி (ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிப்பது) வைத்து, 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு அடித்தால் (5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டி 100 லிட்டராக்க வேண்டும்) பாட்டில் வாங்கும் தேவையே குறையும்.

இரண்டு மூன்று மருந்தை ஒரே டேங்கில் கலக்காதீர்கள். 2017ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள், பல மருந்தைக் கலந்து அடித்ததும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை இல்லாமல் இறங்க வேண்டாம், காற்றுக்கு எதிராக அடிக்க வேண்டாம். மயக்கம், வாந்தி, அதிக வியர்வை என்றால் உடனே 108ஐக் கூப்பிடுங்கள், பாட்டிலையும் கையோடு கொண்டு போங்கள், மருத்துவருக்கு அந்த லேபிள் வேண்டும்.

காலி கேனை மூன்று முறை அலசி அந்தத் தண்ணீரை டேங்கிலேயே ஊற்றிவிட்டு, கேனை ஓட்டை போட்டுவிடுங்கள். 2013ல் பீகாரில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள், சமையல் எண்ணெயில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ். காலி மருந்துக் கேன் எதற்காகவும் வீட்டுக்குள் வரக்கூடாது.