பூர்வகுடி ஆக்களுக்கு வாடகை வீட்டுப் பிரச்சினை வந்தா: முதல்ல வீடு நிக்கிற நிலத்தைக் கேளுங்கோ

கனடாவில வாடகைப் பிரச்சினை எண்டாலே எங்கட சனம் உடன சொல்லுறது "லேண்ட்லோர்ட் அண்ட் ரெனன்ற் போர்ட்டுக்குப் போங்கோ" எண்டுதான். ஒன்ராறியோவில வாடகை வழக்குகளை விசாரிக்கிற சபை அது, எங்களுக்கு அது சரி. ஆனா உங்களோட வேலை செய்யிற பூர்வகுடி ஆள் ஒருத்தரோ, நீங்கள் செற்றில்மென்ற் வேலையில பாக்கிற கிளையண்டோ, இல்லாட்டி மருமகளின்ர குடும்பமோ வந்து வீட்டை விட்டு எழுப்பப் பாக்கினம் எண்டு சொன்னா, அதைச் சொல்ல முதல் ஒண்டு கேளுங்கோ: வீடு ரிசேர்வுக்குள்ளயோ (பூர்வகுடிச் சமூகத்துக்கெண்டு ஒதுக்கின நிலம்) வெளியிலயோ? அதில பிழைச்சா பிழையான இடத்தில அலைஞ்சு திரியேக்கை சரியான இடத்தின்ர கெடு முடிஞ்சிடும்.

ரிசேர்வ் நிலம் பேருக்கு அரசின்ர, பாவிக்கிற உரிமை அந்த ஃபர்ஸ்ட் நேஷன் எண்ட பூர்வகுடிச் சமூகத்துக்கு. 1867 அரசியலமைப்பே அதை மத்திய அரசின்ர கையில குடுத்திட்டுது, அதால ஒரு வீட்டில ஆர் இருக்கலாம் ஆர் போகோணும் எண்ட விசயத்தில மாகாண வாடகைச் சட்டம் அங்க செல்லாது. அப்ப என்ன செல்லும் எண்டா, முதல்ல 1876ல வந்த, பூர்வகுடி ஆக்களுக்கான மத்திய அரசுச் சட்டமான இந்தியன் அக்ட், பிறகு பாண்ட் கவுன்சில் (பாண்ட் எண்டா அந்த ஃபர்ஸ்ட் நேஷன், கவுன்சில் அதை நிர்வகிக்கிற சபை) போட்ட வீட்டுக் கொள்கை, சில இடங்களில அவையளே இயற்றின வாடகைச் சட்டம், கடைசியா கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். எனக்கெண்டா இது பெரிய அநியாயம்தான், ஆனா அதைப் பேசிக்கொண்டிருந்தா எழுப்பிற நாள் வந்திடும்.

அதால பேப்பரைத் தேடுங்கோ. வீடு பாண்டின்ரயோ, மெல்ல மெல்லக் கட்டி சொந்தமாக்கிற திட்டமோ, இல்லாட்டி அந்த ஆளின்ர பேரில "சேர்ட்டிபிக்கற் ஒஃப் பொசெஷன்" இருக்குதோ? சிபி எண்டு சொல்லுற இந்தப் பத்திரம் இருந்தா கை பலம், அது பெடரல் நிலப் பதிவில இருக்கும், ஆனா பாண்ட் உறுப்பினர் இல்லாத ஆளுக்கு விக்க ஏலாது. எல்லா ஃபர்ஸ்ட் நேஷனிலயும் சிபி இல்லை, வழக்கப்படி குடுத்த வீடும் கனக்க இருக்கு. பாண்ட் வீடு எண்டா ஒப்பந்தத்தின்ரயும் வீட்டுக் கொள்கையின்ரயும் கொப்பியை ஹவுசிங் ஒஃபீசில எழுத்தில கேளுங்கோ. வீடு சிஎம்எச்சி எண்ட மத்திய அரசு வீடமைப்பு நிறுவனத்தின்ர 95ஆம் பிரிவுத் திட்டத்தில கட்டினது எண்டா பழுதுபாக்கிறதுக்கெண்டே தனி நிதி ஒதுக்கி வைக்கோணும், அதால பூஞ்சணம், தண்ணிக் குழாய், சூடு வராதது எல்லாத்தையும் திகதியோட போட்டோ எடுத்து அதைச் சுட்டிக்காட்டி எழுதலாம்.

கதவில கடிதம் ஒட்டிக் கிடந்தா கிழிச்செறிய விடாதேங்கோ. மேல இருக்கிற திகதி, கையெழுத்துப் போட்டது கவுன்சிலோ ஹவுசிங் மனேஜரோ, தீர்மானம் எண்டு நம்பர் ஏதும் இருக்குதோ, காரணம் சொல்லியிருக்கோ, பதில் சொல்ல அவகாசம் குடுத்தவையோ, இவ்வளவையும் பாருங்கோ, ஏனெண்டா பாண்ட் கவுன்சிலும் நியாயமான முறையில தான் முடிவெடுக்கோணும். முதல்ல கொள்கையில அப்பீல் வழி இருந்தா அதைப் போடுங்கோ. அதோட சேர்த்து மனசில வைக்க வேண்டியது, கவுன்சிலின்ர முடிவை பெடரல் கோர்ட்டில கேள்வி கேக்கலாம், ஆனா முடிவு தெரிய வந்து 30 நாளுக்குள்ள. 30 நாள் எண்டது லோயர் பிடிக்கவே பறந்திடும், அதால அப்பீல் முடியட்டும் எண்டு சும்மா இருக்காமல் அண்டைக்கே போன் அடியுங்கோ.

பாகுபாடு எண்டா வேற வழி. கனேடிய மனித உரிமைச் சட்டம் இந்தியன் அக்ட் விசயங்களைத் தொட ஏலாது எண்டு ஒரு பிரிவு இருந்தது, அதை 2008ல எடுத்துப்போட்டினம், 2011ல இருந்து பாண்ட் கவுன்சில்களுக்கு எதிராவும் முறைப்பாடு குடுக்கலாம், 1 வருசத்துக்குள்ள.

கலியாணம் செய்தோ சேர்ந்து வாழ்ந்தோ பிரிஞ்சவைக்கு 2013ல ஒரு தனிச் சட்டம் வந்தது. ஃபர்ஸ்ட் நேஷன் தன்ர சொந்தச் சட்டம் போடாத இடத்தில 2014 டிசம்பர் 16ல இருந்து அதின்ர விதிகள் நடைமுறையில இருக்கு. வீடு மற்றவரின்ர பேரில இருந்தாலும் குடும்ப வீட்டில இருக்க ரெண்டு பேருக்கும் உரிமை, தனக்கு மட்டும் தரச்சொல்லி கோர்ட்டிலயும் கேக்கலாம், துணை செத்தா 180 நாள் எழுப்ப ஏலாது. உறுப்பினர் இல்லாத மனிசிக்கும் இது பொருந்தும், கன பேருக்குத் தெரியாது.

இனி ரிசேர்வுக்கு வெளிய. இங்க எல்லாருக்கும் இருக்கிற மாகாணச் சட்டம்தான். ஒன்ராறியோவில வீட்டுக்காரர் வாயால சொல்லி எழுப்ப ஏலாது, பூட்டு மாத்த ஏலாது, போர்ட்டின்ர ஓடர் இருந்தாலும் வந்து வெளியேத்துறது ஷெரிஃப் தான். டமேஜ் டிபொசிற் வாங்கிறது சட்டவிரோதம், கடைசி மாத வாடகை மட்டும் முன்னுக்கு வாங்கலாம். இனம், வம்சாவளி, அரச உதவிப் பணம் எடுக்கிறது இதுகளைக் காட்டி வீடு மறுக்கவும் ஏலாது. பிரிட்டிஷ் கொலம்பியாவில 2021ல இருந்து பூர்வகுடி அடையாளம் எண்டதையே தனியாச் சேர்த்திட்டினம். ஒரு விதிவிலக்கு எங்கட ஆக்கள் தெரிஞ்சிருக்கோணும்: வீட்டுக்காரரோட குசினி அல்லது பாத்ரூம் பகிர்ந்தா ஒன்ராறியோ வாடகைச் சட்டப் பாதுகாப்பு இல்லை. ஸ்காபரோவில தனிக் குசினி, தனி பாத்ரூம் இருக்கிற பேஸ்மென்ற் எண்டா இந்தச் சாட்டு வராது.

பிறகு புகை. சிப்பி ஓட்டில சேஜோ ஸ்வீட்கிராஸோ எண்ட வாசனைச் செடியை வச்சுக் கொளுத்தி, வாற புகையைக் கையால தலைக்கும் முகத்துக்கும் எடுக்கிறதை ஸ்மட்ஜிங் எண்டுவினம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுற வீட்டுக்காரருக்கு இதைக் கனக்க விளங்கப்படுத்தத் தேவையில்லை. லீஸில "நோ ஸ்மோக்கிங்" எண்டு கிடக்குது எண்டு ஆளை எழுப்பப் பாக்காதேங்கோ, அது மத நம்பிக்கை விசயம், பெரிய கஷ்டம் வராத அளவுக்கு இடம் குடுக்கோணும் எண்டுதான் மனித உரிமைச் சட்டம் சொல்லுது. யன்னலைத் திறந்து வைக்கிறது, அலாரம் இருக்கிற இடத்தில இருந்து தள்ளிச் செய்யிறது எண்டு ரெண்டு பேரும் கதைச்சு முடிச்சு, அதை மெசேஜில எழுதி வையுங்கோ.

ரொறன்ரோவில எண்டா பூர்வகுடி ஆக்களுக்குச் சட்ட உதவி செய்யிற அபொரிஜினல் லீகல் சேர்விசஸுக்கு முதல்ல அடியுங்கோ. வீடு தேடுறவைக்கு விக்வாமன், கேப்ரியல் டுமொன்ற் மாதிரி வருமானத்துக்கேத்த வாடகையில வீடு குடுக்கிற அமைப்புகள் இருக்கு, காத்திருப்பு நீளம், அதால ஒண்டில மட்டும் பேர் குடுக்காமல் எல்லாத்திலயும் குடுங்கோ. வேற ஊர் எண்டா கிட்ட இருக்கிற ஃப்ரெண்ட்ஷிப் சென்ரரில (பூர்வகுடி ஆக்களுக்கான சமூக நிலையம்) கேட்டா ஆரிட்டப் போறது எண்டு சொல்லுவினம். கூப்பிடேக்கை கடிதத்தின்ர போட்டோ, ஒப்பந்தம், கடிதம் கிடைச்ச திகதி மூண்டும் கையில இருக்கட்டும், முதல் கேள்வியே அதுதான் வரும்.